லோகோ இல்லாத பெட்டி

கார்த்திகை, செவ்வாய் இரவு

பம்பு உற்பத்தியாளர் சங்கச் செயலாளர் இன்று பட்டறைக்கு வந்திருந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. மெம்பரு உங்க ஊட்டுக்காரருதானுங்க. அவரு தவறுனதோட அதும் முடிஞ்சுதுங்க. இனி சங்கத்து லோகோவ உங்க பம்புப் பெட்டியில போடக்கூடாதுங்க. ரூல்ஸ் அப்படி.”

“எம் பேருக்கு மாத்தச் சொல்லி அப்பவே எழுதிக் குடுத்தேனுங்களே?”

“கமிட்டியில யோசிக்கறாங்க. உங்க கொழுந்தனார் பேருன்னா நாளைக்கே முடிச்சுப்போடலாமுங்க.”

கொழுந்தனாருக்கு ஜவுளிக்கடை. பம்பு தோட்டத்தில் ஓடும்போது பார்த்திருப்பார், அவ்வளவுதான். இயந்திரவியல் படித்துவிட்டு இத்தனை வருடமும் பட்டறையை நடத்தியவள் நான். பம்பின் வரைபடம் என்னுடையது, அதன் கீழே கையெழுத்து கணவருடையது. செயலாளருக்கும் அது தெரியும்.

“லோகோவையே எடுத்துப்போடறேனுங்க” என்றேன்.

“கோவிச்சுக்காதீங்க அம்மணி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றமுங்க.”

அவர் போனதும் அச்சகத்தைக் கூப்பிட்டேன். லோகோ இருந்த இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அப்போது குரல் உறுதியாகத்தான் இருந்தது.

பொள்ளாச்சிக் கடைக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. எங்கள் சரக்கில் பாதி அவருக்குத்தான் போகிறது. லோகோ இல்லாத பெட்டியை அவர் வண்டியிலிருந்து இறக்கவே விடமாட்டார். கொழுந்தனாரின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்; இன்னும் அழுத்தவில்லை.