ஆம்புலன்ஸ் வழியில் வண்டி நிறுத்தாதே

லாத்தா,

தஸ்மியாவுக்கு மூச்சு இழுக்கிறது. உதடு நீலமாகிவிட்டது. ஷஃபீகா மகளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு புதிதாகக் கட்டிய குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். நான் பைக்கில் முந்திப் போகிறேன். உன் போன் இங்கே சார்ஜில் கிடக்கிறது. அதனால்தான் அதற்கு அடியில் இந்தச் சீட்டு.

போனை எடுத்ததும் மாமாவைக் கூப்பிடாதே. ஒருத்தருக்குத் தெரிந்தால் மேலப்பாளையமே காரும் ஆட்டோவுமாகக் கிளம்பி, ஆம்புலன்ஸ் போகிற வழியில்தான் நிறுத்தும். அந்த ஆஸ்பத்திரி கேட்டில் நான் வாட்ச்மேனாக நைட் டூட்டி பார்த்தவரை தினமும் இதே கூத்துதான். "வண்டிய எடுங்க அண்ணாச்சி" என்பேன். "பிள்ளையப் பாத்துட்டு இந்தா வந்துருதோம், ஏம்லே கத்துத?" என்பார்கள். பின்னால் வேறொருவர் பிள்ளையோடு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நிற்கும்.

"கேட்டுல நின்னு விசில் ஊதக்கூட முடியலயாலே ஒனக்கு?" என்று காலையில் கேட்டாய். முடியவில்லைதான். அந்த அலறலைக் கேட்க முடியாமல்தான் வேலையை விட்டேன். இன்றைக்கு அந்த வண்டிக்குள் நம் பிள்ளை இருக்கிறாள். அது வந்து சேருவதற்குள் வழியைக் காலி பண்ண வேண்டும். உன் தம்பிக்குப் பயமாக இருக்கிறது லாத்தா.

சோறு பாதி வெந்திருக்கிறது, அடுப்பை அணைத்துவிட்டேன். அவளுடைய பச்சைப் போர்வையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வா.

ஷஃபீகாவுக்கு மாற்றுச் சேலை ஒன்றும் எடு. செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

யாரிடமும் சொல்லாமல் உன்னால் இருக்க முடியாது, தெரியும். சொன்னால், பிள்ளைக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்கச் சொல். அதற்குக் கார் வேண்டாம்.