அறுவடைப் படத்தின் சிரிப்பு

மார்ச் 4, 1976, வியாழன். ஹாம்பர்க்.
மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. மாடிப்படி கழுவும் முறை இந்த வாரம் என்னுடையது; முழங்கால் ஒத்துழைக்கவில்லை. திரைப்படக் காப்பகத்திலிருந்து டாக்டர் வீலாண்ட் தொலைபேசியில் பேசினார். இயக்குநர் ரைன்ஸ்டோர்ஃபின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ‘கதிர் மாதம்’ திரையிடுகிறார்களாம். படத்தொகுப்பாளர் என்ற முறையில் நானும் மேடையில் உட்கார வேண்டுமாம். சரி என்றேன். “நல்லதா ஒரு கவுன் வாங்குடி, ஹன்னே” என்றாள் என்னோடு வசிக்கும் அக்கா எல்ஸ்பெத்.

மார்ச் 12
ஒத்திகைத் திரையிடல். முப்பத்து நான்கு வருடம் கழித்துப் பார்க்கிறேன். போர்க்காலத்து வயல், கதிர் கட்டும் பெண்கள், முக்காடு போட்ட ஒருத்தி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

வீலாண்ட் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “இவங்க போலந்திலேர்ந்து பிடிச்சுட்டு வந்தவங்கதானே?”

“யாரு பிடிச்சா? கூலி வாங்கின பொண்ணுங்க” என்றார் ரைன்ஸ்டோர்ஃப். “அந்தச் சிரிப்பைக் கேளுங்க. பயந்தவ சிரிக்கிற சிரிப்பா அது? ஹன்னே, நீ சொல்லு.”

அவர் சொல்வதுதான் சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 13
அந்தச் சிரிப்பு என்னுடையது.

மார்ச் 14
எழுதிவிடுகிறேன். படம் ஒலியில்லாமல்தான் வந்தது. அந்தப் பெண்ணின் வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். கத்தினாளா, அழுதாளா, தெரியாது. “வாய் திறந்திருக்குல்ல, போதும்” என்றார் ரைன்ஸ்டோர்ஃப். ஒலிப்பதிவு அறையில் என்னை மைக் முன் நிறுத்தி, ஒரு குண்டு சார்ஜண்டைப் பற்றிக் கதை சொன்னார். சிரித்தேன். இருபத்தைந்து வயது. பாராட்டினார், பூரித்துப்போனேன்.

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்று—

இல்லை. அவர்கள் மார்பில் ‘P’ எழுத்துப் போட்ட துணி தைத்திருந்தது. போலந்துக்காரி என்று எல்லோருக்கும் காட்டுவதற்காக. அது தெரிந்த படச்சுருள் துண்டுகளை வெட்டி எறிந்தது யார்? நான்தானே. தெரியாமலா வெட்டினேன்?

மார்ச் 20
எல்ஸ்பெத்திடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“செத்துப் புதைச்சதை எதுக்குடி தோண்டுற? நம்ம தெருவுல யாரு வீட்டுலதான் இப்படி ஒண்ணு இல்ல?”

மார்ச் 27
ரைன்ஸ்டோர்ஃபைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கோபப்படவில்லை.

“குதிரைக் குளம்புச் சத்தத்துக்குக் கொட்டாங்கச்சி தட்டினோமே, அதுவும் பொய்யா? சினிமான்னா அதானே, ஹன்னே.” கொஞ்சம் நிறுத்தி, “என் பேரை இழுத்தா உன் பேரும் கூடவே வரும். டைட்டில்ல அடுத்தடுத்துதான் இருக்கு.”

ரிசீவரை வைத்துவிட்டேன். அங்கே ஓடியது நிஜமாகவே குதிரைதானே, அவள் சிரித்தாள் என்று யார் சொன்னது என்று இப்போது தோன்றுகிறது. சொல்ல வேண்டியது எப்போதும் பிறகுதான் வருகிறது.

ஏப்ரல் 3
இன்று பிறந்தநாள் திரையிடல். அரங்கு நிறைந்திருந்தது. படம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ வீலாண்ட் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். ரைன்ஸ்டோர்ஃப் அதே பதிலைச் சொன்னார். மைக்கை வாங்கினேன்.

“அது நான் சிரிச்சது.”

“பாவம், வயசாயிடுச்சு” என்றார் அவர். சிலர் சிரித்தார்கள்.

“மூணாவது ரீலைப் போடுங்க. அங்க வேற பொண்ணு, ஆனா இதே சிரிப்பு. கடைசியில இதே விக்கல். வேற டேக் நல்லா வரலன்னு நான்தான் ரெண்டு தடவை ஒட்டினேன்.”

வீலாண்ட் போட்டுக் காட்டினார். இரண்டு வாய், ஒரே விக்கல். ரைன்ஸ்டோர்ஃப் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பாதிப் பேர் அவரோடு போனார்கள், வழியெல்லாம் கைதட்டிக்கொண்டே. மீதிப் பேரில் ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?”

இங்கேதான் இருந்தேன். இதே ஊரில்.

ஏப்ரல் 6
பத்திரிகையில் இரண்டு பேர் பெயரும். எதிர்வீட்டுத் திருமதி லூட்கே வணக்கம் சொல்லவில்லை. எல்ஸ்பெத் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மே 22
ரைன்ஸ்டோர்ஃபுக்கு முனிச்சில் விருது கொடுத்தார்கள்.

ஜூன் 9
செய்தி போலந்துப் பத்திரிகைவரை போயிருக்கிறது. லோட்ஸ் நகரிலிருந்து ஒரு பெண், ப்ரோனிஸ்வாவா, காப்பகத்துக்கு எழுதியிருக்கிறாள். வீலாண்ட் மொழிபெயர்த்து வாசித்தார். மன்னிப்பைப் பற்றியோ கோபத்தைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

“என் தங்கை யட்விகாவும் அந்த வயலில் வேலை செய்தாள். அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சலில் இறந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. என்னிடம் அவள் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. உங்கள் படத்தில் இருக்கிறாளா? உயரமானவள், இடதுகைக்காரி.”

ஜூன் 14
ஐந்து நாளாகக் காப்பகத்து மேசையில், ஃப்ரேம் ஃப்ரேமாக. கண் எரிகிறது. இல்லை, இல்லை, இல்லை.

ஜூன் 16
நேற்று கிடைத்தாள், வண்டிக்குப் பின்னால். ஒன்றரை வினாடி. அரிவாளை இடது கையில் பிடித்தபடி, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்புகிறாள். முகம் தெளிவாக இருக்கிறது. சிரிக்கவில்லை.

பெரிதாக்கி அச்செடுத்துத் தந்தார் வீலாண்ட். “ஏதாவது எழுதி வைக்கிறீங்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வளையாமலிருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, இன்று காலை ப்ரோனிஸ்வாவாவுக்குத் தபாலில் சேர்த்தேன்.