செவ்வாய்க்கிழமை ஓடிய வண்டி

5-8-73, ஞாயிறு

காலையிலிருந்தே ஆடிக் காற்று. வாயெல்லாம் புழுதி. மோட்டார் சைக்கிளுக்குப் பின் ஷாக் அப்சார்பர் மாற்றும் வேலை. பழையது இரண்டும் எண்ணெய் கக்கி, பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு வரை இடி. வண்டிக்கும் வயது பதினொன்று. கம்பெனி சாமான் வருவதில்லை. காரைக்குடி மெக்கானிக் சேவுகன் கொடுத்தது ஏதோ கோயம்புத்தூர்ப் பட்டறையில் செய்தது. "கம்பெனி சாமானவிட இது நின்னு ஒழைக்கும், கொண்டுபோங்க" என்றான். புதிது என்கிறான். பெயிண்ட் வாசனை என்னவோ புதிதுதான். அடியில் சுரண்டிப் பார்த்தேன், துரு இல்லை. இருந்தாலும் முழு நம்பிக்கை வரவில்லை.

அவன் பட்டறையில் விட்டால் வேறு எதைக் கழற்றுவானோ என்று வீட்டிலேயே மாட்டினேன். மச்சான் கூட இருந்தார். சிவகாமியின் அண்ணன், லாரி டிரைவர். லாரிக்குப் பாடி கட்டுகிறார்களாம். ஒரு மாதமாக அமராவதிபுதூரில் எங்கள் வீட்டில்தான் வாசம்.

மறுபடி மாற்றும்போது நினைவிருக்க:
– ஒரு பக்கம் கழற்றி மாட்டிய பிறகே மறுபக்கம். இல்லாவிட்டால் பின்சக்கரம் தொங்கிவிடும்.
– மேல் போல்ட் நுழையவில்லை. ரப்பர் புஷ்ஷைப் பிளேடால் சீவ வேண்டியதாயிற்று. விரலிலும் கீறல்.
– புதிது அரை அங்குலம் நீளம். ஸ்டாண்ட் போட்டாலும் சக்கரம் தரையில் இடிக்கிறது. ஸ்டாண்டுக்கு அடியில் பலகைத் துண்டு.

ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு வளையம், மூன்று படி. மேலே ஏற்றினால் ஸ்பிரிங் இறுகும். நான் கனத்த ஆள். ஒன்றிய அலுவலக விதைமூட்டை வேறு பின்னால் ஏறும். மூன்றாம் படியில் வைத்தேன்.

மச்சான்: "அம்புட்டு இறுக்கம் வேணாம் மாப்ள. லேசான ஆளு ஒக்காந்தா தூக்கிப் போடும்."

யார் அந்த லேசான ஆள்? இந்த வண்டியை ஓட்டுகிறவன் நான் ஒருவன்தானே.

7-8, செவ்வாய்

சிவகங்கையில் வாராந்தரக் கூட்டம். தூரம் என்பதால் வழக்கம்போல் பஸ். போக வர நின்றே பயணம். உரம் பற்றி மூன்று மணி நேரப் பேச்சு. சாயங்காலம் வந்து வண்டிமேல் கை வைத்தேன். சைலன்சரில் லேசாகச் சூடு. வெயிலில் நின்றதாலோ?

8-8, புதன்

தேவகோட்டை ரோட்டில் வண்டி தொம் தொம் என்று குதித்தது. இறங்கிப் பார்த்தால் இரண்டு வளையமும் முதல் படியில். மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று நேரே சேவுகனிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"அது தானா எறங்காது சார். கொக்கி ஸ்பேனர் போட்டு ஆராச்சும் திருப்பியிருக்கணும்" என்றான். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

ஸ்பேனர் இருப்பது என் டூல்ஸ் பெட்டியில். பெட்டி இருப்பது என் வீட்டில்.

10-8, வெள்ளி

சிவகாமியிடம் கேட்டேன். "வண்டிய யாரும் எடுத்தாகளா?"

"எனக்கென்ன தெரியும்?" குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் வலது கெண்டைக்காலில் ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். அடுப்பு பட்டதாம். அடுப்பு எப்படிக் கெண்டைக்காலில் படும்? கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பதில் தயாராக இருக்கும்.

12-8, ஞாயிறு

சவரம், குழந்தை வள்ளிக்கு மூன்று வயது ஊசி, வண்டிக்கு ஆயில். மனசெல்லாம் வேறு எங்கோ.

மச்சான் லாரிக்காரர். ஊர்விட்டு ஊர் அரிசி கடத்துகிறவர்களோடு பழக்கம் இல்லாமல் இருக்குமா? ஒரு அரசாங்க ஊழியனின் வண்டி என்றால் செக்போஸ்டில் நிறுத்த மாட்டார்கள். மாட்டினால் என் வேலை போகும். அவர் லாரி ஏறிப் போய்விடுவார்.

ஆனால் மூட்டை ஏற்றுகிறவன் ஸ்பிரிங்கை இறுக்குவான், தளர்த்த மாட்டான். அப்படியானால் அரிசி இல்லை. பின்னே யாரைப் பார்க்கப் போகிறார்? யாரை ஏற்றிக்கொண்டு போகிறார்?

14-8, செவ்வாய்

புறப்படுமுன் மீட்டரைக் குறித்துக்கொண்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நாற்பத்தொரு கிலோமீட்டர் கூடுதல். நின்ற இடத்திலேயே நிற்கிறது வண்டி, துடைத்துக்கூட வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை வளையத்தை மறக்காமல் மேலே ஏற்றியிருக்கிறார்கள். வலது பக்கம் மூன்று, இடது பக்கம் இரண்டு! அவசரம்.

வள்ளி: "மாமா டுர்ர்ர்." சிவகாமி உடனே அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆக, அவளுக்கும் தெரியும்.

15-8, புதன்

ஆபீஸில் கொடியேற்றம், மிட்டாய். திரும்பும் வழியில் சேவுகன் கைகாட்டி நிறுத்தினான். "நேத்து கண்டனூர்ல ஒங்க வண்டியப் பாத்தேன் சார். பஸ்ஸுல போறப்ப. ஓட்டுனது ஆருன்னு தெரியல."

கண்டனூரில் எங்களுக்கு யாரும் இல்லை.

18-8, சனி

நான் உள்ளே நுழைந்தால் அண்ணன் தங்கை பேச்சு நின்றுவிடுகிறது. இன்று கொல்லைப் பக்கம் கேட்டது:

"பயப்படாத ஆத்தா. செவ்வாக்கிழமயோட முடிச்சிரலாம்."

"அவுகளுக்குத் தெரிஞ்சா?"

எதை முடிக்கப் போகிறார்கள்? எழுதக் கூசுகிற நினைப்பெல்லாம் வருகிறது. எழுதவில்லை.

21-8, செவ்வாய்

கூட்டத்துக்குப் போகவில்லை. ஆபீஸுக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் சிவகங்கை என்று சொல்லிவிட்டு, காரைக்குடியில் இறங்கிக் கண்டனூர் பஸ்.

பெரிய வீட்டுத் தெரு. இரண்டு பக்கமும் மதில், பூட்டு. கல்யாணம் காட்சி என்றால்தான் திறப்பார்கள். ஒரு ஆள் இல்லை. கோடு போட்ட மாதிரி நேரான தெரு. ஒரு மதில் முனையில் நின்றேன். ஒளிந்து நிற்கிறோமே என்று வெட்கம். அரை மணி நேரம் கழித்து என் வண்டியின் சத்தம்.

ஓட்டி வந்தது மச்சான் இல்லை. சிவகாமி.

சேலையை இழுத்துச் செருகி, மேலே அண்ணனின் காக்கிச் சட்டை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். பின்னால் மச்சான் மூச்சிரைக்க ஓடி வந்தார், "கிளட்சு! கிளட்சு!"

என்னைப் பார்த்ததும் பிரேக்கை அமுக்கிவிட்டாள். எஞ்சின் நின்று வண்டி சாய்ந்தது. ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். அவளும் விடவில்லை.

"என்ன இது?"

மச்சான் வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்கண்ணே" என்றாள். பிறகு என்னிடம்: "பிள்ளையப் பக்கத்து வீட்டுல விட்டுருக்கேன். பங்குனியில வள்ளிக்குக் காய்ச்சல்ல ஜன்னி வந்துச்சுல்ல."

"மாட்டுவண்டியில ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு சொன்ன."

"வண்டி கெடச்சது மெயின் ரோட்டுக்குப் போன பெறகு. அன்னைக்குச் செவ்வாக்கெழம, நீங்க இல்ல. பிள்ளைக்குக் கண்ணு மேல சொருகிருச்சு. இது வாசல்ல நிக்கிது. பெட்ரோல் இருக்கு. சாவி ஆணியில தொங்குது. எனக்கு ஓட்டத் தெரியல. பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனேன். வழியில மூச்சு இருக்கா இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே ஓடுனேன்."

அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்று நான் வீடு வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "சாப்பிட என்ன இருக்கு" என்று கேட்டது நினைவிருக்கிறது.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா விட்டிருப்பீகளா?"

அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்: விட்டிருக்க மாட்டேன்.

மச்சான் வேட்டியால் முகத்தைத் துடைத்தார். "நல்லா ஓட்டுறா மாப்ள. கியர் மட்டுந்தான் சத்தம் போடுது. நான் பஸ்ஸுல வாரேன், நீங்க ரெண்டு பேரும் போங்க." சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்.

வண்டியை வாங்கக் கை நீட்டினேன். அவள் இறங்கவில்லை. உதைத்தாள், மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. பின்னால் ஏறினேன். பதினொரு வருஷத்தில் இந்த வண்டியில் நான் பின்னால் உட்காருவது முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஆடாம ஒக்காருங்க."

ஆடாமல் உட்கார்ந்தேன். மெயின் ரோடு வந்தது. பின்னால் பஸ் ஹாரன். அவள் தோள் இரண்டும் விறைத்தன.

"வலது பக்கம் திரும்பணும், கையக் காட்டுங்க. எனக்கு இன்னும் ஒத்தக் கையில பிடிக்க வரல."

காட்டினேன். பஸ் நின்று வழிவிட்டது.