வீராயியின் சண்டைகள்

கார்த்திகை 3, திங்கள்
காலையிலிருந்து மழை. பண்டாரவளை ரயிலடிக்கு அனுப்பிய வண்டி இன்னும் பதுளைக் கடைக்குத் திரும்பவில்லை. கருவாடு தீர்ந்தது.

பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ராமசாமி அரிசி வாங்க வந்தார். வெற்றிலையை மென்றபடியே கேட்டார்.

"ஐயா, கடை வைக்க முந்தி கொஸ்லந்தத் தோட்டத்துல கணக்கப்புள்ளையா இருந்தீங்கதானே? அங்க வேலை செஞ்ச வீராயின்னு ஒருத்தி, புருசன், மகளோட வேலை கேட்டு வந்து நிக்கிறா. சரியான சண்டைக்காரியாமே? விசாரிச்சுட்டு வரச் சொல்றாரு தொர."

சனிக்கிழமை சொல்வதாகச் சொன்னேன். சண்டைக்காரி என்றுதான் நாங்களும் கூப்பிடுவோம். ஆனால் உடனே ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

4, செவ்வாய்
மழை. வியாபாரம் மந்தம். நாள் முழுக்கப் பழைய தேயிலைத் தோட்டத்து நினைப்பு. விடியற்காலைப் பனிக்குள், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும். தப்பு மேளச் சத்தத்துக்கு மேலே வீராயி குரல். பால்குடிப் பிள்ளைக்காரிகளை மேல்மலைக்கு அனுப்பாதே என்று ஒரு நாள். ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் ஒழுகும் கூரைக்காக ஒரு நாள். "தொர வீட்டு நாய் நனையாமப் படுத்திருக்கு, நாங்க நனையணுமா?" துரை முகம் சிவந்தார். மறுவாரம் தகரம் வந்தது. அன்று லயமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அப்புறம் நான் எங்கும் கேட்கவில்லை.

மனைவி மீனாட்சியிடம் கங்காணி கேட்டதைச் சொன்னேன். அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "மூத்தவன் பொறக்கையில ரெண்டு நாளா வலி. வண்டி தர மாட்டேன்னாங்க. தொர பங்களா வாசல்ல போய்க் கத்தி வண்டியப் புடிச்சுட்டு வந்தது யாரு? உங்களுக்கு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை.

6, வியாழன்
வெயில். மிளகாய் காயப்போட்டோம். முதுகுவலி.
கொஸ்லந்த வண்டிக்காரர்கள் இரண்டு பேர் கடையில் பேசிக்கொண்டது:
"வீராயியத் தொரத்துனதுல இருந்து அந்தத் தோட்டத்துல ஒரு சத்தம் இல்ல. நல்ல தோட்டமாயிருச்சு."
"சத்தம் போட அங்க யாரு இருக்கா? பாதி லயம் காலி. ஓடிட்டாங்க."

அவள் இருந்தபோது அதற்குத் தகராறுத் தோட்டம் என்று பேர். அப்போது ஒருவரும் ஓடவில்லை.

8, சனி
கங்காணி வந்தார்.
"சண்டைக்காரிதான்," என்றேன். "ஆனா தனக்குன்னு சண்டை போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்ல."
"தொரகிட்ட இதையா சொல்லச் சொல்றீங்க?"
"அப்படியே சொல்லுங்க. கொழுந்து எடுக்கிறதுல அவளுக்கு இணை இல்லன்னும் சொல்லுங்க."
"எங்க தோட்டத்துலயும் வாயத் தொறக்க ஆள் இல்லீங்க," என்று சொல்லிவிட்டுக் கங்காணி எழுந்து போனார்.

16, ஞாயிறு
மூன்று பேருக்கும் கங்காணி தோட்டத்துப் பெரட்டில் பேர் பதிந்தாயிற்றாம். சொன்னது வீராயியேதான். மகளோடு கடைக்கு வந்தாள். தலை நரைத்துவிட்டது. "கணக்கப்புள்ள, நல்லாயிருக்கீங்களா?" என்றாள். கடையில் காத்து நின்றவர்களை விட்டுவிட்டு முதலில் அவளுக்கு அரிசி அளக்கப் படியை எடுத்தேன்.

"நில்லுங்க! இந்தம்மா எனக்கு முந்தி வந்து நிக்குது, கண்ணு தெரியலயா?" வீராயி போட்ட சத்தத்தில் கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

அந்த அம்மாவுக்கு முதலில் அளந்தேன்.