அண்ணாவின் தலையில் கைவைத்து

மே 12, திங்கள்

நல்ல வெயில். ஆனால் குசினிக்குள் இருட்டு. அண்ணா ஷட்டரை அடிவரை இறக்கிவிட்டு, பட்டப்பகலில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். லைட்டைப் போட்டேன்.

"நூர் அதை! லைட்டை நூர்!"

கப் சுவரில் பட்டு உடைந்தது. எறிந்தவனே பயந்துபோய்ப் பார்த்தான்.

பெயின்ற் வேலைக்கும் போகவில்லை. காய்ச்சல் என்று மெசேஜ் அனுப்பினான். தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

நேற்றைய மட்ச் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அமெரிக்கன் ஃபுட்போலில் அண்ணாவின் கைக்குப் பந்து வருவதே இல்லை. அவன் ஸ்பெஷல் ரீம் என்ற தனி அணியில். எங்கள் ஆள் பந்தை உதைக்கும்போது மட்டும் இறங்குவான். முழு வேகத்தில் ஓடி, பந்தைப் பிடித்தவனுக்கு முன்னால் சுவர்போல வரும் தடியன்களை இடித்து உடைக்க வேண்டும். பிறகு ஓரத்து வாங்கில் உட்காருவான். பிறகு திரும்பவும் இடி.

என் வேலை, உதைப்பதற்குப் பந்தை நிறுத்திவைக்கிற பந்துதாங்கியை, உதைத்த பிறகு ஓடிப்போய் எடுத்து வருவது. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. வகுப்பில் எழுந்து நின்று கதைக்கச் சொன்னதால்தான் பள்ளிக்கூடத்தையே விட்டேன். இது எனக்குச் சரி.

நேற்று மைதானத்துக்குள் நின்றதால் அண்ணா ஒருவனை இடித்த சத்தம் கேட்டது. கார்க் கதவை ஓங்கிச் சாத்தினதுபோல. மற்ற ரீம் பெடியனின் பல்லுறை இரத்தத்தோடு பறந்தது. எங்கள் பக்கம் ஒரே ஆரவாரம். அண்ணா எழும்பி, எங்கள் வாங்குக்கு வராமல் மற்ற ரீமின் வாங்கை நோக்கி நடந்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டே திருப்பிவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

மே 13, செவ்வாய்

மழை. நான் வேலை செய்யும் பேக்கரியில் சூடான தட்டுக் கழுவும்போது விரல் சுட்டுவிட்டது. கொப்புளம்.

மாலையில் செல்வம் மாமா வந்தார். அப்பாவோடு ஃபக்டரியில் வேலை செய்பவர். அப்பா போனில் ஞாயிற்றுக்கிழமை மட்ச் வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

"இந்தா, இப்பப் பார். சாத்தினான் பார்!"

"ஐயோ, உவன் செத்திருப்பானே?"

"சாகேல்லை, சாகேல்லை. எழும்பிட்டான். சனிக்கிழமை ஜெர்மனியிலை இருந்து ஆக்கள் வருகினம், இவனைப் பாக்க. பிடிச்சால் சம்பளத்துக்கு எடுப்பினம். எங்கட பெடியளிலை வேறை ஆர் இருக்கினம் சொல்லு?"

அம்மா உள்ளே இருந்து, "மாடுகூட ஒருக்கா முட்டினால் விலகிப் போயிடும். இவங்களுக்கு அந்த அறிவும் இல்லை" என்றா.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அதே நேரம் குளியலறையில் தண்ணீர் பைப் முழுதாகத் திறந்து ஓடியது. அந்தச் சத்தத்துக்கு உள்ளே அண்ணா ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தான். அடுத்த அறை என்னுடையது. எனக்கு மட்டும்தான் கேட்டது.

மே 14, புதன்

கேட்டுவிட்டேன்.

"அண்ணா, தலையோ?"

என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்தான். மணிக்கட்டு முறிந்துவிடும்போல இருந்தது.

"சத்தியம் பண்ணடி. என்ரை தலையிலை அடிச்சு. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு."

"டொக்டரிட்டை..."

"சனிக்கிழமை முடியட்டும். போறன். இப்பக் காட்டினால் விளையாட விடமாட்டாங்கள். ஜெர்மன்காரர் திரும்பி வரவும் மாட்டாங்கள். நீதான் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லையே, உனக்கென்ன கஷ்டம்?"

பண்ணினேன். கை பட்டபோது பல்லைக் கடித்தான்.

தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் கேடு. சின்ன வயதில் அம்மா சொன்னது. நம்புகிறேனா என்று தெரியவில்லை. வேறு யாருடைய தலையாக இருந்தாலும் மீறிப் பார்த்திருப்பேன்.

மே 15, வியாழன்

பயிற்சி. சேறு. அண்ணா தன் ரீம் பெடியனையே இடித்து விழுத்தினான். அவன் எழும்பிக் குத்தினான், அண்ணாவும் குத்தினான். புல்லில் மூக்கு இரத்தம். பயிற்சியாளருக்கு ஒரே சந்தோசம். "சனிக்கிழமைக்கு மிச்சம் வை!" என்று கத்தினார்.

பிறகு லூக்காஸ் என்ற பெடியனுக்குத் தலை சுற்றியது. காயம் பார்க்கிற ரெகுலா அவனுடைய ஹெல்மெட்டைப் பிடுங்கிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டாள். அவன் கெட்ட வார்த்தையால் திட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"இவங்களிட்ட கேட்டுப் பிரயோசனமில்லை" என்று என்னிடம் சொன்னாள். "எல்லாரும் பொய்தான் சொல்லுவாங்கள். ஹெல்மெட்டை எடுத்தால் முடிஞ்சுது. அது இல்லாமல் உள்ளே போக ஏலாது." பிறகு, "உன் அண்ணா சுகமா இருக்கிறானா?"

வாய்வரை வந்தது. கொப்புளத்தைப் பார்த்தேன். ஓம் என்று தலையாட்டினேன்.

மே 16, வெள்ளி

நாளைக்கு: துவாய்கள், போத்தல்கள், ஐஸ் பெட்டி, பந்துதாங்கி.

அம்மா விரதம். இன்றைக்கு என்ன கிழமை என்று அண்ணா கேட்டான். சொன்னேன். சாப்பிடும்போது திரும்பவும் கேட்டான். அப்பா ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 17, சனி

கொதிக்கும் வெயில். தொப்பி போட்ட இரண்டு ஜெர்மன்காரர் முன்வரிசையில். அவர்களுக்குப் பின்னால் அப்பா, "சாத்தடா! சாத்து!"

முதல் உதை. பந்துதாங்கியை எடுக்கக் குனிந்தபோது அதே கார்க் கதவுச் சத்தம். நிமிர்ந்தேன். மற்றவன் மல்லாக்க. அண்ணா முழங்காலில் நின்று, புல்லைப் பிடுங்கி, பிடுங்கி... சிரித்தான். ஒரு மூக்குத் துளையால் இரத்தம். ஜெர்மன்காரர் இருவரும் கை தட்டினார்கள்.

வாங்குக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக் காலடியில் போட்டான். துவாயால் முகத்தை மூடிக்கொண்டான். துவாய் சிவந்தது. ரெகுலா மற்றப் பக்கத்தில் யாருக்கோ முழங்கால் கட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ரீம் புள்ளி எடுத்தது. அப்படியென்றால் திரும்பவும் உதை. பயிற்சியாளர், "ஸ்பெஷல் ரீம்!"

நான் ஒருத்தருக்கும் எதுவும் சொல்லவில்லை.

ஹெல்மெட்டை எடுத்தேன். உள்ளே சூடு, ஈரம். ஐஸ் பெட்டியைத் திறந்து போத்தல்களுக்கு நடுவே அமத்தி, மூடி, மேலே ஏறி இருந்தேன்.

"ஹெல்மெட் எங்கை? எங்கை என்ரை ஹெல்மெட்?"

பிறகு என்னைப் பார்த்தான். நான் இருந்த பெட்டியைப் பார்த்தான்.

"எழும்படி!"

பெட்டியை உதைத்தான். தலைமயிரைப் பிடித்து இழுத்தான். மேலே அப்பா என் பெயரைச் சொல்லிக் கத்தினார். முழு வாங்கும் திரும்பிப் பார்த்தது, தொப்பிக்காரரும், மற்றப் பக்கத்தில் இருந்து ரெகுலாவும்.

பெட்டியின் இரண்டு கைபிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.