கிணறு நம்முடையதுதான்

என் அன்புள்ள டயானா அப்பாவுக்கு,

சேசு மரி சூசை துணை. ஜாக்குலின் எழுதுகிறேன். டயானா நலம். உங்கள் அப்பாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் கேம்ப்பல் பே ஊருக்குப் போன் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. கப்பலில் வரும் மிக்கேல் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து ரெங்கம்மாவும் வரவில்லை, பேச்சியம்மாவும் வரவில்லை!

இங்கே டாலிகஞ்சில் இந்த வெயிலுக்குக் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அக்கம்பக்கத்தில் அவர்கள் இருவருக்கும் நம் கிணறுதான் கதி. அதற்குப் பதிலாக, நான் கடை வேலைக்குப் போகும்போது மாமாவை ஆளுக்கு அரைநாள் பார்த்துக்கொண்டார்கள். பக்கவாதத்தில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டுவது லேசா? ஆனாலும் எனக்கு ஆசை விடவில்லை. துணியும் துவைத்துத் தராவிட்டால் உன் பங்குத் தண்ணீர் பேச்சியம்மாவுக்கு என்று ரெங்கம்மாவிடம் சொன்னேன். பேச்சியம்மாவிடமும் அதையே மாற்றிச் சொன்னேன். ஒரு மாதம் இருவரும் போட்டி போட்டுச் செய்தார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ரெங்கம்மாவுக்குத் தெலுங்கும் இந்தியும், பேச்சியம்மாவுக்குத் தமிழ் மட்டும். நான் இல்லாமல் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். பேச்சியம்மா மகள் ப்ரியங்கா பள்ளிக்கூடத்து இந்தியில் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். இருவரும் சேர்ந்து பெரிய டேங்க் வாங்கி வைத்து, லாரித் தண்ணீருக்கும் சொல்லிவிட்டார்கள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விடுவேனா? பேச்சியம்மாவிடம் தனியாகப் போய், நீ மட்டும் வா, கிணறே உனக்குத்தான் என்றேன். "ரெங்கம்மா வந்தாத்தான் நானும் வருவேன்க்கா" என்று கதவைச் சாத்திவிட்டாள். என் முகத்துக்கு நேராக!

மூன்று நாளாக மாமா என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. நேற்று மாலை ரெங்கம்மா தானாக வந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். கிண்ணம் முழுதும் குடித்தார். இனி தினமும் வர என்ன வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். "பானி நஹி சாஹியே, தீதி" என்றாள். தண்ணீர் வேண்டாமாம். எதுவும் வேண்டாமாம். அப்படியே போய்விட்டாள்.

உங்களை அவள் அண்ணன் என்றுதான் சொல்வாள். அவளுக்கு நாலு வரி எழுதுங்கள். என்ன கொடுத்தால் வருவாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மாதா உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். மாமா காலையிலிருந்து வாசலையே பார்த்துக் கிடக்கிறார். நான் உள்ளே வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

உங்கள்
ஜாக்குலின்