சூட்டோடு அளந்த சிலிண்டர்

அக்டோபர் 7, 2024, திங்கள்

காலையில் மழை. பத்து மணிக்குப் போன கரண்ட் பன்னிரண்டுக்குத்தான் வந்தது. அதற்குள் என் பொறுமையும் போய்விட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கடை வைத்தவன் கரண்ட்டை நம்பிப் பிழைக்கக் கூடாது. மூன்று பைக் சிலிண்டருக்கு மட்டும் உள்சுவரை வெட்டி இழைத்துப் போர் போட்டு முடித்தேன்.

சாயந்திரம் ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும், முழுக்கைச் சட்டை, கையில் துணிப்பை. வருகிறவர்கள் எல்லாரும் வாசல் மேஜையோடு நின்றுவிடுவார்கள். இவர் நேராக உள்ளே போய் கம்ப்ரஸருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் மெஷின் முழுதாகத் தெரியும்.

"இங்க ஒரு ஃபேன் இருந்திச்சே தம்பி. நீலக் கலர்?"

இருந்தது. ஜூனில் எரிந்துபோய்ப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

"முன்னாடி வந்திருக்கீங்களா சார்?"

"இல்லப்பா. இதான் மொதோ தபா."

பையிலிருந்து ஒரு சிலிண்டரை எடுத்து வைத்தார். உள்சுவரில் மேலிருந்து கீழ்வரை நான்கு கீறல்கள். அடி விளிம்பில் நான் எல்லா வேலையிலும் தட்டி வைக்கிற சின்னச் சிலுவைக் குறி, பக்கத்தில் 17-2.

"எம் பொண்ணு வண்டியோடது. திரும்பப் போட்டுக் குடுங்க."

பெயர் ஹேமநாதன் என்றார். பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அக்டோபர் 8

எழுதிவிடுகிறேன். என் மனைவி சகாயமேரி இந்த நோட்டைத் தொடமாட்டாள்.

பிப்ரவரி 17, சனிக்கிழமை. நிஷா என்ற பெண், ஐ.டி. கம்பெனி வேலை, அப்பாவின் பழைய வண்டியைத் தானே பிரித்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் பாண்டியன்தான் என்னிடம் அனுப்பினான். அன்றைக்கு என் மகள் சர்ச்சில் புதுநன்மை வாங்கும் நாளுக்கு உடை எடுக்கப் போக வேண்டும். சகாயமேரி மூன்று முறை போன் செய்துவிட்டாள். வெட்டி முடித்த சிலிண்டர் சூடாக இருக்கும், சூட்டில் விரிந்திருக்கும். ஆறவிட்டு அளந்துதான் கடைசி இழைப்பு இழைக்க வேண்டும். இருபது வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். அன்றைக்கு ஃபேனைத் திருப்பி வைத்துப் பத்தே நிமிடத்தில் அளந்தேன். கேஜ் முள் சரியான கோட்டில் நின்றது. கொடுத்தனுப்பினேன். ஆறினபின் மூன்று கோடாவது சுருங்கியிருக்கும். பிஸ்டன் ஓட இடமே இருந்திருக்காது.

ஆறாம் நாள் அவள் பருத்திப்பட்டு ஏரி ஓரம் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் லாரி.

பாண்டியன் ஓடிவந்து கேட்டான். "மாமே, போர் கரீட்டாதானே போட்ட?"

நான் சொன்னேன், "புது போர்ல வேகமா போயிருக்கும்பா அந்தப் பொண்ணு."

அதை அவன் துக்க வீட்டில் சொன்னான். அப்புறம் ஊரே சொன்னது.

அன்றைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'ஒரு போர் முடிந்தது. உடை கிடைத்தது, மேரிக்குச் சந்தோஷம்.' இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்!

அக்டோபர் 10

அடுத்த பெரிய சைஸுக்கு வெட்டினேன். அவர் அதே இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ துணி எடுப்பீங்க" என்றார். என் கை துணியைத் தொட்டிருந்தது.

"இப்போ கோயில் பாட்டு முணுமுணுப்பீங்க."

வாயை மூடிக்கொண்டேன். இந்த மனுஷன் என் கடையில் கால் வைத்தே நாலு நாள்தான் ஆகிறது.

கீறல் போகவில்லை.

அக்டோபர் 14

இன்னும் ஒரு சைஸ் வெட்டினேன். நகத்தால் தடவினால் ஒன்றும் தட்டவில்லை. கண்ணுக்கு மட்டும் நான்கு கோடுகளும் தெரிகின்றன. பாண்டியனைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினேன்.

"ஒண்ணியும் இல்லியே மாமே. கண்ணாடி மாரி கீது. தூக்கம் கீக்கம் இல்லியா உனுக்கு?"

அக்டோபர் 18

கோடுகள் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கடைசி சைஸ். இதற்கு மேல் சுவர் தாங்காது. வெட்டி முடித்து கேஜைக் கையில் எடுத்தேன். இடுக்கிலிருந்து குரல் வந்தது.

"சூடு எறங்கட்டும் தம்பி. நான் நாளைக்கு வரேன்."

சூட்டைப் பற்றி இவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லை. வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"எம் பொண்ணு நாப்பதுக்கு மேல போவல."

பயமாக இருக்கிறது. போலீஸுக்கு இல்லை, அவர் முகத்துக்கு. ஏன் திட்டமாட்டேன் என்கிறார்?

நவம்பர் 3, ஞாயிறு

நிஷாவின் வண்டியைப் பாண்டியன் கோத்து முடித்தான். புது போர், ஐந்நூறு கிலோமீட்டர்வரை நாற்பது வேகத்தைத் தாண்டக் கூடாது. ஹேமநாதன் சாவியை என் கையில் வைத்தார்.

"நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி ஒக்காந்துக்கிறேன்."

திருமழிசைவரை போய்த் திரும்பினோம். ஏரி வந்ததும் என் தோளைப் பிடித்தார், ஏரி தாண்டியதும் விட்டார். இனி எல்லா ஞாயிறும் போக வேண்டுமாம்.

நவம்பர் 10

போனோம்.

நவம்பர் 24, ஞாயிறு

212 கிலோமீட்டர். ஏரி ஓரம் அந்தக் கை தோளில் விழுந்ததும் என்னால் முடியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டேன்.

"சூட்டோட அளந்துட்டேன் சார். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. வேகமா போச்சுன்னு கெளப்பிவுட்டதும் நான்தான்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்தார். மூலையில் விரிசல். நிஷாவின் போன். அதில் ஒரு வீடியோ, அந்த இடுக்கிலிருந்து எடுத்தது. நீல ஃபேன், துணி, என் முணுமுணுப்பு, மேரியின் போன் வந்ததும் நான் முகத்தைச் சுளிப்பது, எல்லாம் இருந்தன. நான் கேஜை உள்ளே விடுகிறேன். அப்போது அவள் குரல் கேட்கிறது.

"அண்ணா, ஆறட்டுமே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

என் குரல். "ஒண்ணும் ஆவாதும்மா."

சத்தியமாக எனக்கு இது நினைவே இல்லை. கர்த்தரே, ஒரு எழுத்துகூட நினைவில்லை.

"தெனமும் பாக்குறேன்" என்றார் ஹேமநாதன். "நீங்களா சொல்லணும்னுதான் வந்தேன்." அப்புறம், "எடுங்க வண்டிய" என்றார்.

நவம்பர் 25

பாண்டியனிடம் சொன்னேன். பிறகு மேஜைமேல் இருந்த அவனுடைய இரண்டு சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது கேட்டான், "எழவு ஊட்ல என் வாயால சொல்ல வெச்சியே, ஃபெலிக்ஸ்?" மாமே என்று கூப்பிடவில்லை.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

போன வாரமே ஐந்நூறு முடிந்துவிட்டது. இன்றைக்குச் சாவியை அவரிடம் நீட்டினேன்.

"எல்லாம் செட்டாயிடுச்சு சார். இனிமே நீங்க அறுபதுலகூடப் போலாம்."

வாங்கவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நாப்பதுலயே போங்க தம்பி."

பிப்ரவரி 16, ஞாயிறு

அந்த போர் போட்டு நாளையோடு ஒரு வருஷம். 791 கிலோமீட்டர். நாற்பதுக்கு மேல் போகவில்லை.